கான்சாஸைத் தூக்கத்தில் கடப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கான்சாஸ் சிட்டியிலிருந்து டென்வர் மலைகளைப் பார்க்கக் கிளம்பும் உங்களில் பலர், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலையை ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டிவிட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். "வழியில் என்ன இருக்கிறது? வெறும் புல்!" நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான், ஆகவே உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கெஞ்சலாமல்லவா?

அடுத்த முறை பகலில் வாருங்கள். வாகீனி என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் ஹில் சிட்டி வரும். கிரஹாம் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) தலைமை ஊர் அது. அங்கிருந்து 24-ஆம் எண் சாலையில் கிழக்கே கால் மணி நேரத்தில் நிக்கோடிமஸ்; அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறிய சிற்றூர். வேகமாகப் போனால் ஊரைத் தாண்டியதே தெரியாது.

1877-இல், அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், கென்டக்கியின் கறுப்பின மக்களிடம் துண்டறிக்கைகள் போய்ச் சேர்ந்தன. மேற்கே உங்களுக்கென்று ஓர் ஊர் எழுகிறது, வாருங்கள் என்று அழைப்பு. அந்தச் செப்டம்பரில் ஏறத்தாழ 300 பேர் நிக்கோடிமஸில் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டு வந்த கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்ணும் இருந்தார். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில்; பிறகு புல்வெளியில் வண்டிப் பயணம். ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்!" என்று கூவியபோது அவர் கண்ணுக்கு எந்த ஊரும் தென்படவில்லை. எங்கே என்று கேட்டார். கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மரம் கிடைக்காத சீமை. மண்ணைக் குடைந்து குழிக்குள் குடியிருந்தார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சிதான் உயிர் காத்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அழுதவர்கள் அங்கேயே வேரூன்றினார்கள். பள்ளி, தேவாலயங்கள், கடைகள், செய்தித்தாள்கள் எல்லாம் வந்தன. அந்த ஊரில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1888-இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் சாலமன் ஆற்றுக்குத் தென்கரையோடு போய்விட்டது. கடைக்காரர்கள் பாதையைத் தேடிப் போனார்கள். அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. ஹில் சிட்டி என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? நிக்கோடிமஸைத் திட்டமிட்டு ஆள் சேர்த்தவர்களில் ஒருவரான டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வணிகரின் பெயர் அது. கவுண்டித் தலைமை அவர் ஊருக்கே போயிற்று. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

இப்போது அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். பழைய கட்டடங்கள் ஐந்து. 1939-இல் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஊர்ப் பொது மண்டபத்தில் தொடங்குங்கள். இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஹோட்டலாக இருந்த வீடு ஒன்று. அரை மணியில் சுற்றிவிடலாம். அதற்குப் பிறகு ஊர் விளிம்புக்குப் போய் நின்று, தரையிலிருந்து புகை வருவதாக நினைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். குழந்தைகளிடம் அந்தக் கதையை ஊருக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் காரைவிட்டு இறங்கமாட்டார்கள்.

ஜூலைக் கடைசி வாரம் இன்னும் நல்லது. அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலையைக் கொண்டாட, வெளியூர்களில் வாழும் வம்சாவளியினர் ஆண்டுதோறும் அப்போது திரும்பி வருகிறார்கள். மற்ற நாள்களில் வெறிச்சோடிக் கிடக்கும் தெருவில் அன்று கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். வெயில் கடுமை. தண்ணீரும் பெட்ரோலும் ஹில் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முன்பு தூங்கிக்கொண்டே கடந்தவன்