கைமாறும் குதிரைக்கு எத்தனை பெயர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தயக் குதிரைகளுக்குக் கண்டபடி பெயர் வைப்பதைக் கண்டித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டனம் நியாயம்தான். ஆனால் கட்டுரை முழுக்க மனிதர் மனம் புண்படுவதைப் பற்றியே பேசுகிறது. பெயரால் குதிரைக்கு நேரும் கேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

மனிதர் மானத்தைக் காக்க விதிகள் ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப், இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்துக்கு மேல் போனால் பெயரை ஏற்காது. உயிரோடிருப்பவர் பெயரென்றால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இனத்தையோ மதத்தையோ இழிவு செய்யும் பெயருக்கு அனுமதி கிடையாது. அப்படியும் ஒரு பயிற்சியாளர், கறுப்பினத் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒருவரைக் குத்திக்காட்டித் தன் குதிரைக்கு 'கிரேப் சோடா' (திராட்சைச் சோடா, அங்கே கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பேச்சு) என்று பெயர் வைத்தார். 2021 தொடக்கத்தில் அது அம்பலமாகி, நியூயார்க் பந்தயத் திடல்கள் அவரை வெளியே நிறுத்தின. குதிரையின் பெயர் 'ரெஸ்பெக்ட் ஃபார் ஆல்' (எல்லாருக்கும் மரியாதை) ஆயிற்று. சரியான நடவடிக்கை. குதிரைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

நம் பக்கத்தில் பழைய வழக்கம் வேறு. திருக்கோவலூர் மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு பொருத கொல்லிமலை ஓரியின் குதிரையும் ஓரிதான். சிறுபாணாற்றுப்படை அவர்களைச் சொல்லும்போது குதிரையையும் சேர்த்தே சொல்கிறது. செஞ்சி தேசிங்கு ராஜா 1714இல் போரில் மடிந்தார். அவருடைய குதிரை பாராசாரி கதைப்பாடலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குதிரைகளுக்கு ஒரே பெயர், கடைசி வரை.

எங்கள் கடலூர் சில்வர் பீச்சில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பாருங்கள். இந்த மாதம் ஒரு நடிகர் பெயர். படம் ஓடவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு நடிகர். தேர்தல் வந்தால் சொல்லவே வேண்டாம்! பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கூட நாலு சவாரி கிடைக்கிறது. குதிரைக்காரர் பிழைப்புக்குச் செய்வது, அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபமெல்லாம் தரகர்கள்மேல். பந்தயக் குதிரைக்குத் தாய் தகப்பன் முதற்கொண்டு புனேயிலுள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டியில் பதிவு இருக்கும். ஓட முடியாமல் போய், நாலு கை மாறிக் கடற்கரைக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ வரும்போது பெயர் போயிருக்கும். பெயரோடு அந்தப் பதிவும் போயிருக்கும். பல்லைப் பார்த்தால் கிழக்குதிரை என்று தெரியும், விற்பவர் எட்டு வயது என்று சாதிப்பார். எந்தக் கால் எப்போது அடிபட்டது, டெட்டனஸ் ஊசி போட்டார்களா, கிளாண்டர்ஸ் பரிசோதனை நடந்ததா, எதற்கும் பதில் வராது. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதைப் பிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கு 1965ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. இதே அளவைச் சவாரிக் குதிரைக்கும் வைப்போம் என்றாலும், காலையில் ஒரு பெயரிலும் மாலையில் ஊர்வலத்தில் இன்னொரு பெயரிலும் நிற்கும் குதிரையின் மணிக்கணக்கை யார் கூட்டுவது?

கூப்பிடும் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளட்டும். சவாரிக்கு அனுமதி தருமுன் மாநகராட்சி ஒவ்வொரு குதிரைக்கும் மைக்ரோசிப் பொருத்தி, முதல் பெயர், வயது, ஊசி விவரம் எழுதிய அட்டை ஒன்றைக் கால்நடைத் துறை மூலம் தர வேண்டும். குதிரையை விற்றால் அட்டையும் கூடவே போக வேண்டும். முகூர்த்த நாட்களில் இங்குள்ள குதிரைகள் புதுச்சேரிக்கும் போகின்றன. ஆகவே இரு அரசுகளும் அந்த ஒரே அட்டையை ஏற்கும்படி இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.