எங்கள் மாவட்டத்து பயாப்சி பிளாக்குகளைத் தூக்கிப் போட வேண்டாம்: ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், நோயியல் துறைத் தலைவர்களுக்கும், சென்னையில் இருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பென்னாகரத்துக்காரன். பயாப்சி பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. ஆனால் இந்த இரண்டு மாவட்டத்து மக்களின் கட்டிகளை என் கையால் மெழுகில் பதித்திருக்கிறேன், சீவியிருக்கிறேன், சாயம் ஏற்றியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். நம் புற்றுநோயாளிகளின் பயாப்சி பிளாக்குகளையும், அவற்றுக்கு உரிய விவரங்களையும் ஒழுங்காகச் சேர்த்து வைக்க, இரண்டு கல்லூரிகளுக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம் வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு வைக்க வேண்டும். தகுதியுள்ள ஆராய்ச்சியாளர் எந்த ஊரிலிருந்து கேட்டாலும், முறைப்படி கேட்டால் கிடைக்க வேண்டும்.

படிக்கிற மற்றவர்களுக்காக, பிளாக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாயிலோ மார்பிலோ கர்ப்பப்பை வாயிலோ சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் டாக்டர் சின்னதாக ஒரு துண்டு எடுப்பார். அதுதான் பயாப்சி, எங்கள் பக்கம் சதை டெஸ்ட் என்பார்கள். அந்தத் துண்டை, சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலிலும் சைலீனிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் உருகிய பாரஃபின் மெழுகில் பதிப்போம். மெழுகு இறுகியதும் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கட்டி கையில் வரும். அதுதான் பிளாக். மைக்ரோட்டோம் என்ற சீவும் கருவியில் வைத்து 3, 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். அந்த ஸ்லைடைப் பார்த்துத்தான் புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் எழுதுகிறார். ரிப்போர்ட் போன பிறகும் பிளாக்கில் சதை மிச்சமிருக்கும். ஒழுங்காக வைத்தால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதிலிருந்து புது ஸ்லைடு எடுக்கலாம், டி.என்.ஏ.கூட எடுக்கலாம். இதற்கு ஃப்ரீசர் வேண்டாம். வெயில் தாக்காத, எலியும் பூச்சியும் வராத ஓர் அறை, இரும்பு அலமாரி, ஒழுங்கான எண், இவ்வளவு போதும்.

இவ்வளவு சுலபமானதைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய பிளாக்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. சித்திரை வெயிலில் மெழுகு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பென்சிலில் எழுதிய எண் நின்றது, மார்க்கரில் எழுதியது சைலீன் பட்டு அழிந்துபோனது. எண் போனால் அது யாருடைய சதை என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் புது மெஷின் வைக்க இடம் வேண்டும் என்றார்கள். பெட்டி பெட்டியாக மஞ்சள் பையில் போட்டு மருத்துவக் கழிவு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவற்றில் அரூர்க்காரர்கள், பாலக்கோட்டுக்காரர்கள், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

போனால் என்ன, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு ஒரு நடந்த கதை. ஜெஃபிட்டினிப் என்று நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரை வந்தது. பலருக்குக் கேட்கவில்லை, சிலருக்கு மட்டும் கட்டி வேகமாகக் கரைந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மாத்திரையால் குணம் தெரிந்தவர்களிடமிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த கட்டிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் மாத்திரை வேலை செய்திருந்தது. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வில், ஜப்பானிய நோயாளிகளின் 58 கட்டிகளில் 15-இலும் அமெரிக்க நோயாளிகளின் 61 கட்டிகளில் ஒன்றே ஒன்றிலும் அந்த மாற்றம் இருந்தது. நுரையீரல் புற்றுநோய் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர், மக்களுக்கு மக்கள் அது வேறு என்று தெரிந்தது அங்கேதான். இன்று நம் நாட்டிலும் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து தொடங்கும் முன்னால் அந்த டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். யாரோ கட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால், அதோடு அந்த நோயாளிக்கு மருந்து கேட்டதா இல்லையா என்றும் எழுதி வைத்திருந்ததால் வந்த பலன் இது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கும் பெரிய தொகுப்பு, அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பு. 33 வகைப் புற்றுநோய், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நம் பக்கத்திலும் வேலை தொடங்கிவிட்டது. சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணு விவரங்களை 2025 பிப்ரவரியில் அந்த ஐஐடி ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. மனதார மகிழ்ந்தேன். ஆனால் இத்தகைய தொகுப்புகளுக்குத் திசு எங்கிருந்து போகும்? ஏற்பாடு உள்ள பெரிய நகரத்து மருத்துவமனைகளிலிருந்துதான். ஏரியூரில் புகையிலை மென்றுகொண்டே கல் உடைத்தவரும், காரிமங்கலத்தில் தக்காளிக்கு மருந்து அடித்தவரும், சித்தேரி மலையில் சாமை விதைத்தவரும் அதில் வர வேண்டுமானால் இங்கே யாராவது எடுத்து வைக்க வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே, அக்காள் மகளையே கட்டும் வழக்கம் நம் பக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. மரபணு ஆய்வாளர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்று அவர்களுக்கே தெரியும்.

சதை ஒரு பாதி என்றால் விவரம் மறுபாதி. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் ஏறியதை நாம் ஆதாரத்தோடு சொல்ல முடிவது அந்த நோட்டுகளால்தான். 2012-இல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டமும் வந்தது. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300. தளியிலும் கெலமங்கலத்திலும் கட்டி என்றால் ஜனங்கள் பெங்களூரு பஸ்தான் ஏறுவார்கள். பதிவேட்டு விதிப்படி ஒருவர் எந்த ஊரில் ஓர் ஆண்டாவது குடியிருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில்தான் வருவார். எனவே பெங்களூரு கணக்கில் நம் ஆள் வரமாட்டார். அங்கிருந்து தகவல் திரும்பி இங்கே வராவிட்டால் நம் கணக்கிலும் வரமாட்டார். ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் மஞ்சப்பையில் போட்டு வீட்டுப் பீரோவில் இருக்கும், அரசாங்கத்திடம் மட்டும் இருக்காது. இரண்டு மாநிலத்துப் பதிவேடுகளும் இந்த எல்லையோர நோயாளிகளின் விவரத்தைத் தவறாமல் மாற்றிக்கொள்ள ஓர் எழுத்துபூர்வமான ஏற்பாடு வேண்டும். சேமிப்பகம் அமைக்கும்போதே இதையும் செய்துவிடலாம்.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. தருமபுரித் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது வெறும் பேச்சாக இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. ஊர் ஊராகத் தண்ணீரை அளந்து, பள்ளிப் பிள்ளைகளின் கறைபிடித்த பற்களை எண்ணி, முதுகு வளைந்தவர்களைக் கணக்கெடுத்து, காகிதத்தில் வந்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு வலு கிடைத்தது. ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் காவிரித் தண்ணீர் வந்தது. இப்போது அதே ஜனங்கள் கேட்கிறார்கள்: எங்கள் தெருவில் நாலு பேருக்குக் கேன்சர், தண்ணீர் காரணமா, பூச்சிமருந்து காரணமா, குவாரித் தூசி காரணமா? குடிநீர் ஃப்ளோரைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-லேயே சொல்லிவிட்டது. மற்றதற்கு என்ன பதில் சொல்வது? எந்த ஊர், என்ன தொழில், எத்தனை ஆண்டு, என்ன பழக்கம் என்று நோயாளியிடம் கேட்டு எழுதாத வரை ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பயாப்சி படிவத்தில் ஊர் என்ற இடத்தில் வெறுமனே தருமபுரி என்று எழுதி அனுப்பிய படிவங்கள்தான் என் கைக்கு அதிகம் வந்தன. தொழில் என்ற இடம் காலியாக இருக்கும்.

சரி, சம்மதத்துக்கு வருகிறேன். இதில் பிசகினால் மற்ற எல்லாம் வீண்.

1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து அவரிடம் கேட்காமலே செல் எடுத்தார்கள். அந்தச் செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசி சோதனைக்குப் பயன்பட்டன. அவருடைய குடும்பத்துக்கு 1970-களில்தான் விஷயமே தெரியும். அந்தச் செல்லை விற்றுச் சம்பாதித்த கம்பெனி ஒன்றோடு வழக்கு 2023-இல்தான் சமரசத்துக்கு வந்தது. உலகத்துக்கு அவ்வளவு நன்மை நடந்தும், அந்தப் பிள்ளைகளின் வருத்தம் நியாயமானது. எங்கள் மக்களுக்கு அது நடக்கக்கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையில் திசு வங்கிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சம்மதம் எப்படி வாங்குவது, பின்னால் மனம் மாறினால் எப்படி விலகுவது எல்லாம் அதில் உண்டு. எழுத்தில் இருப்பதை வார்டில் செய்ய வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பச்சைத் துணி உடுத்தி ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மை தடவி அழுத்துவது சம்மதம் ஆகாது. முந்தின நாளாவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்: "அம்மா, வைத்தியத்துக்காக எடுக்கிற சதையில் மிச்சம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யலாமா? வேண்டாம் என்றால் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. நாளைக்கு மனசு மாறினாலும் வந்து சொல்லலாம். கம்பெனிக்காரர்கள் கேட்டாலும் தரலாமா என்று தனியாகச் சொல்லுங்கள்." தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல ஆள் வேண்டும்.

பெயரை மறைத்துவிட்டோம், போதாதா என்று கேட்கலாம். சின்ன ஊர்களில் போதாது. மலை ஊர் ஒன்றின் பெயரைப் போட்டு, 34 வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய் என்றால் அங்கே எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். எனவே ஊர்ப் பெயர் சேமிப்பகத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போகும்போது ஒன்றியம் அளவில் மட்டும் போகட்டும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் இந்த மண்ணைச் சேர்ந்த, நோயிலிருந்து மீண்ட ஒருவராவது உட்கார வேண்டும்.

ஆய்வுக்கூடப் பக்கம் செய்ய வேண்டியது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். சதையைப்போல் 10 மடங்காவது திரவம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் கலந்த ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். அமிலமாகாமல் தடுக்கும் பஃபர் உப்பு சேர்த்தது 10 சதவீதத்தில் வேண்டும், அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. வாய் குறுகிய பாட்டிலில் சலைனை ஊற்றி, நோயாளியின் தம்பி கையில் கொடுத்து, அரூரிலிருந்து பஸ்ஸில் அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். மதியம் வந்து சேரும்போது சதை அழுகத் தொடங்கியிருக்கும். ஆராய்ச்சி கிடக்கட்டும், அந்த நோயாளிக்கே சரியான ரிப்போர்ட் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பிளாக்குக்கும் எத்தனை மணிக்குச் சதையை எடுத்தது, எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டது என்ற இரண்டு நேரமும் பதிவாக வேண்டும். உறைய வைக்கும் பெரிய ஃப்ரீசர்கள் இப்போதைக்கு வேண்டாம். அதற்குச் சென்னைத் திசு வங்கியோடு கைகோத்துக்கொள்ளலாம்.

நோயாளி பிறகு என்ன ஆனார் என்பதுதான் கிடைக்காத விவரம். அதற்கும் நம்மிடம் ஆள் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும், சம்மதம் கொடுத்தவர் எப்படி இருக்கிறார் என்று ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்து எழுதும் வேலையைக் கொடுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள், அவர்கள் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து எடுத்துப் போகும் திசுவில் கண்டுபிடித்ததைப் பத்திரிகையில் போடும்போது, தமிழில் இரண்டு பக்கம் எழுதி இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். கொடுத்தவர்கள் கேட்டால் சொல்ல எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

சேமிப்பகத்துக்கு அரசாணை வர நாளாகும், தெரியும். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு மாவட்டத்திலும் உள்ள அரசு, தனியார் ஆய்வுக்கூடங்கள் அனைத்துக்கும், மறு உத்தரவு வரும்வரை எந்தப் புற்றுநோய் பிளாக்கையும் கழிவில் போடக்கூடாது, எண்ணோடும் பதிவேட்டோடும் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்த வாரமே அனுப்பலாம். எண் அழிந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், சம்பளம் வேண்டாம். என்னைப் போல ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.