அத்தையோட ஒரு வாரம் படகுல

அடியே கலா,

எட்டு மாசமாச்சு உனக்கு ஒழுங்கா நாலு வரி எழுதி. உன் பொண்ணு கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்புல ரெண்டு பூவைப் போட்டுட்டு சும்மா இருந்துட்டேன், அது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. மாப்பிள்ளை எப்படி? உன் சுகர் எப்படி? மருந்தை நேரத்துக்குப் போடு. ரூம் நம்பர் 14 ஆளுங்க யாரையாவது பார்த்தியா? பப்பி இன்னும் அதே சாம்பார் கதையைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாளாம், கேள்விப்பட்டேன்.

இங்க எல்லாரும் சுகம். ஏப்ரல்ல அத்தை வந்தாங்கல்ல, அவங்களைப் பத்திதான் எழுதணும், கடைசியில உங்கிட்ட ஒரு உதவியும் கேக்கணும். அதுக்கு முன்னாடி போன வாரம் நடந்ததைச் சொல்லிடறேன், அதைச் சொல்லாம இது புரியாது.

இந்த இங்கிலாந்துல பழைய கால்வாய்ங்க நிறைய. 200 வருஷம் முன்னாடி நிலக்கரி, சுண்ணாம்புக்கல்லு ஏத்திட்டுப் போக வெட்டினது. இப்ப ஜனங்க வாடகைக்குப் படகு எடுத்துக்கிட்டு அதுல லீவு போடறாங்க. படகு அகலம் 7 அடிகூட இல்ல, நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி, உள்ள அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் இருக்கு. வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல போகக்கூடாது, கரையில நடக்கிறவன் நம்மளைத் தாண்டிப் போவான். நாங்க விட்சர்ச்சுங்கிற ஊர்ல ஏறி வேல்ஸ்ல இருக்கிற லாங்கொலென் வரைக்கும் போயிட்டு வந்தோம், மொத்தம் ஒரு வாரம்.

76 வயசுல அத்தையைத் தண்ணியில கூட்டிட்டுப் போறதான்னு எனக்கு ஒரே பயம். இவரு மட்டும் "அம்மா வலங்கைமான்ல குடமுருட்டியில நீச்சலடிச்சு வளர்ந்தவங்க, நீ சும்மா இரு"ன்னுட்டாரு.

மொத நாளே பாரு. முன்பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்தவங்க ஒரு மணி நேரம் வாயே திறக்கல. அப்புறம் "ஏம்மா, இது வாய்க்கால்னு சொன்னே, ஆத்துத் தண்ணி மாதிரில்ல ஓடுது?"ன்னாங்க. கால்வாய்னா தண்ணி அசையாம கிடக்கும் அத்தைன்னேன். "இல்ல, அந்த இலையைப் பாரு, நம்மளுக்கு எதிர்க்க வருது"ன்னாங்க. இவரு கைடு புக்கை எடுத்துப் புரட்டிப் பார்த்தா அவங்க சொன்னதுதான் சரி! மத்த கால்வாய் மாதிரி இல்லையாம் இது. லாங்கொலென் தாண்டி டீ ஆத்துலேருந்து ஒரு நாளைக்கு 1 கோடியே 20 லட்சம் கேலன் தண்ணி இந்த வழியாத்தான் இறங்கி வந்து ஹர்ல்ஸ்டன் ஏரியில விழுது, செஷயர் பக்கம் ஜனங்க குடிக்கிற தண்ணி. 1944-ல இந்தக் கால்வாயில படகு வேண்டாம், மூடிடலாம்னு சட்டமே போட்டிருக்காங்க, ஆனா தண்ணி போயாகணுமேன்னு தூர்க்காம விட்டிருக்காங்க. அதனாலதான் இன்னைக்கு நாங்க படகுல போறோம். இதைக் கேட்டதும் அத்தைக்கு இந்தக் கால்வாய் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு. "தண்ணி ஓடற வாய்க்கால யாரு தூர்ப்பா?"ன்னாங்க.

நியூ மார்ட்டன்னு ஒரு இடத்துல ரெண்டு லாக், அதாவது படகை மேல ஏத்தி இறக்கற கதவு வச்ச தொட்டி. படகை உள்ள விட்டு, பின்னாடி கதவைச் சாத்திட்டு, ஒரு இரும்புச் சாவியைப் போட்டுச் சுத்தி ஷட்டரைத் தூக்கினா தண்ணி உள்ள வரும், படகு மெதுவா மேல எழும்பும். நான் எந்த ஷட்டரை மொதல்ல திறக்கறதுன்னு தெரியாம அட்டையைப் படிச்சுக்கிட்டு நிக்கிறேன், அத்தை கரையில நின்னுக்கிட்டு "கீழ் மதகை நல்லா அடைச்சியா? அடைச்சுட்டு மேல் மதகைப் பாதி தூக்கு, முழுசாத் தூக்காத, தண்ணி அடிச்சுக்கிட்டு வரும்"னு சொல்றாங்க. அட்டையிலயும் அதேதான் போட்டிருக்கு கலா. கழனிக்குத் தண்ணி பாய்ச்சினவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

பப் விஷயம் சொல்லலியே. கால்வாய்க் கரையில வழி நெடுக பப்தான். ஹிண்ட்ஃபோர்டுல ஜாக் மிட்டன்னு ஒண்ணு, அங்க மொதல்ல கட்டினோம். சாராயக்கடைக்குள்ள நான் வரமாட்டேன்னு அத்தை வெளியிலயே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. உள்ள எட்டிப் பார்த்தா கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, குறுக்கெழுத்துப் போடுற பாட்டி, மேஜைக்கு அடியில ரெண்டு நாய் தூங்குது. "இது கடையா, சத்திரமா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்துட்டாங்க. இவருக்குப் பீர் ஊத்தறவரு ஒரு நீள கைப்பிடியைப் புடிச்சு இழுத்து இழுத்து ஊத்தறாரு, பீப்பாய் கீழ நிலவறையில இருக்கு. அத்தை அதையே பார்த்துட்டு "அடிபம்பு"ன்னாங்க. அவங்களுக்கு லைம் சோடாவும் சுடச்சுட சிப்ஸும். மூணாவது நாள் அவங்களே "இன்னைக்கு எந்தக் கடையில கட்டறோம்?"னு கேக்கறாங்க.

இனிமேதான் பெரிய விஷயம். பொன்ட்கசில்ட்டெங்கிற கால்வாய்ப் பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805-ல திறந்தது. பள்ளத்தாக்குக்கு மேல 126 அடி உயரத்துல கல் தூண், அது மேல 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, அந்தத் தொட்டிக்குள்ளதான் கால்வாயே போகுது! ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கிடையாது, தொட்டி விளிம்பு தண்ணிக்கு மேல சாண் உயரம்கூட இல்ல, அதைத் தாண்டினா வெறும் ஆகாசம். நான் உள்ள போய்க் கட்டில்ல உக்காந்துட்டேன். அத்தை முன்னாடியே உக்காந்து குனிஞ்சு கீழ பார்த்துக்கிட்டு வந்தாங்க. கீழ டீ ஆறு பாறை மேல நுரைச்சுக்கிட்டு ஓடுது. "அங்க எடுத்த தண்ணி, அது எந்த ஆத்துத் தண்ணியோ அந்த ஆத்துக்கு மேலயே போகுதா?"ன்னு இவரைக் கேட்டாங்க. ஆமாம்மான்னாரு. உடனே கையெடுத்துக் கும்பிட்டாங்க.

லாங்கொலென் போய்க் கட்டிட்டு, அங்கேருந்து ரெண்டு மைல் தண்ணி எடுக்கிற இடத்துக்கு நடந்தோம். குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச அணை, அதுக்கும் டெல்ஃபோர்டுதான். ஆத்துல தண்ணி வழவழன்னு அது மேல வழிஞ்சு இறங்குது, ஓரமா ஒரு வாய் பிரிஞ்சு கால்வாய்க்குப் போகுது, பக்கத்துல தண்ணியை அளக்கிறதுக்குன்னே ஒரு சின்ன வீடு. அத்தை கரையில உக்காந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் "மேட்டூர்ல எவ்வளவு விடறானோ"ன்னாங்க. "சம்பாவுக்கு நாத்து விட்டிருப்பாங்க, நான் போகணும்மா."

அன்னைக்கு ராத்திரி என்னால தூங்க முடியல கலா. விசா 6 மாசம்தான், அக்டோபர் மொத வாரம் கிளம்பியே ஆகணும். இங்கயே வச்சுக்கலாம்னு வக்கீலைக் கேட்டோம், 2012-லேருந்து வயசான பெத்தவங்களைக் கூட்டிட்டு வர்ற விதியை ரொம்ப இறுக்கிட்டாங்க, கிடைக்கறது அபூர்வம்னுட்டாரு. அவங்களுக்கும் இங்க இருக்க மனசில்ல. ஆனா எல்ஸ்மியர்ல ஏரிக்கரையோரம் கட்டியிருந்தப்ப அவங்க சொன்ன ஒண்ணு என்னை விடமாட்டேங்குது. "மாமா போனப்புறம் ராத்திரி டிவியைப் போட்டுட்டுத்தான் தூங்குவேன், மனுஷக் குரல் வேணும்ல. இங்க இவன் குறட்டையைக் கேட்டுக்கிட்டே தூங்கிடறேன்." படகுல நடுவுல ஒரு பலகைதான், அந்தப் பக்கம் நாங்க, இந்தப் பக்கம் அவங்க.

போன வருஷம் கொல்லையில வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் கிடந்திருக்காங்க. இவருகிட்டக்கூட சொல்லல, படகுல வச்சு எங்கிட்டத்தான் சொன்னாங்க.

அதான் கேக்கறேன், கும்பகோணத்துலேருந்து வலங்கைமான் உனக்கு அரை மணி நேரம். ராத்திரி மட்டும் கூடப் படுத்துக்க நம்பிக்கையா ஒரு பொம்பளை ஆள் பார்த்துக் குடு, சம்பளம் நான் அனுப்பிடறேன். வேலைக்கு ஆளுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. வீடில்லாம கஷ்டப்படறா, படுக்க இடம் குடுங்கன்னு சொல்லு, உடனே சரின்னுடுவாங்க. அக்டோபர் 3 காலையில திருச்சியில இறங்கறாங்க. முடிஞ்சா நீயே ஏர்போர்ட்டுக்குப் போ, வேற யாரையும் அனுப்பாத. போற வழியில காவேரியில தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்த்து வச்சுக்க, வண்டியில ஏறினதும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.

உன்
செல்வி