பஜ்ஜிக் கடை எண்ணெய்க்கும் ஒரு வழி செய்யுங்கள்

உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டீசல் மெக்கானிக். பம்ப்செட், டிராக்டர், ஜெனரேட்டர் என்று பல வருடமாக இதே வேலை. உங்களுக்கு எழுதத் தூண்டியது எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கும் பஜ்ஜிக் கடை.

கடை நடத்தும் அக்கா, இரவில் வாணலியில் மிஞ்சும் எண்ணெயைத் துணியில் வடிகட்டித் தூக்குவாளியில் ஊற்றி வைப்பார். கருப்பட்டிப் பாகு நிறம். மறுநாள் அதன் மேலேயே புது எண்ணெய். "கொட்டத்தான் மனசு வரலை தம்பி, எண்ணெய் விக்கிற விலைக்கு" என்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது?

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கழிவான போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் வந்தது. பழைய எண்ணெயை வாங்கி, டீசலோடு கலக்கும் எரிபொருளான பயோடீசல் ஆக்கும் 'ரூகோ' திட்டமும் அதே ஆண்டுதான். அருமையான திட்டம். ஆனால் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவரிடம் எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகளுக்கு மட்டும். அக்காவுக்கு வாரத்துக்கே நாலைந்து லிட்டர்தான் மிஞ்சும். எண்ணெய் எடுக்க வருபவரிடம் கேட்டேன். "நாலு லிட்டருக்கு வந்தா வண்டி வாடகைக்கே கட்டாதுங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

பயோடீசல் போட்டால் இஞ்சின் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பழைய எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றினால் கெடத்தான் செய்யும். அப்படி ஊற்றிய ஒரு டிராக்டர் என்னிடம் வந்தது. டீசலைத் தெளிக்கும் நாசில் முனை முழுக்கக் கரி கட்டியிருந்தது. முறைப்படி மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கி எடுத்தால் டீசல் போல இளகி ஓடும். அதை டீசலில் 20 சதவீதம் கலந்து பழைய இஞ்சினில் ஓட்டும்போது, டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த கசடு கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், அதையும் மாற்ற வேண்டும். மைலேஜ் ஒன்றிரண்டு சதவீதம் குறையலாம். ஆனால் கரும்புகை குறையும். கந்தகம் நீக்கிய இன்றைய டீசலில் குறைந்துபோன வழவழப்பும் திரும்பக் கிடைப்பதால் பம்பும் இஞ்செக்டரும் தேயாமல் இருக்கும். இதெல்லாம் எங்கள் கைக்கு அடங்கிய வேலை.

எண்ணெய்க்குத்தான் பஞ்சம். 2003-இல் காட்டாமணக்கு விதை எண்ணெயை நம்பி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். நட்ட விவசாயிகள் பலர் காய்ப்பு இல்லாமல் பிடுங்கிப் போட்டார்கள். 2030-க்குள் 5 சதவீதம் என்பது 2018-இல் வைத்த இலக்கு. இன்னும் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இங்கே தெருவுக்குத் தெரு வாளியில் நிற்கும் எண்ணெயோ திரும்ப வாணலிக்கே போகிறது.

பால் சொசைட்டியில் ஒற்றை மாடு வைத்திருப்பவர் கொண்டுவரும் இரண்டு லிட்டரையும் அளந்து, தரம் பார்த்து, பணம் கொடுக்கிறார்கள் இல்லையா? அதே மாதிரி வாரச்சந்தை நாளில் பழைய எண்ணெய்க்கும் ஓர் இடம் வையுங்கள். அளந்து, கையோடு காசு கொடுங்கள். புது எண்ணெய் வாங்க அது கொஞ்சம் உதவினாலும் அக்கா பழையதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், கேட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் டின் வைக்க இடம் வேண்டுமென்றால் என் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாம். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்