பூட்டியிருக்கும் ஆசிரியர் விடுதியின் சாவியை யாரிடம் கேட்பது?

மாகாணத்தின் கல்வி நிர்வாகத்தில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை மேலதிகாரிகளுக்குப் பகிரங்கமாக மடல் எழுதினால், எங்கள் ஊரில் அவளுக்கு உடனே கிடைக்கும் பட்டம் 'வாய்க்காரி' என்பதாகும். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே இரண்டு தவணைகளைக் கடத்திவிட்டேன். முறைப்படி எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வராத நிலையில், நான்காவதை இவ்வாறு எழுதுகின்றேன். பாடசாலையின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ நான் குறிப்பிடப்போவதில்லை. எவரையும் மாட்டிவிடுவது என் நோக்கமன்று. எனக்கு வேண்டியது ஒரு சாவி.

இந்த ஆண்டு முதலாம் தவணையின் தொடக்கத்தில், வாடைக்காற்று இன்னும் முற்றாக ஓயாத நாள்களில், நெடுந்தீவிலுள்ள பாடசாலை ஒன்றில் ஆரம்பக் கல்வி ஆசிரியையாகக் கடமையைப் பொறுப்பேற்றேன். கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், உள்ளகப் பயிற்சியில் ஓராண்டு என மூன்று ஆண்டுகள் முடித்து வந்த எனக்கு இதுவே முதல் நியமனம். நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள். கல்லடுக்கிக் கட்டிய வேலிகளையும் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு பகற்பொழுது பார்த்துவிட்டுத் திரும்பியதற்கு மேல் நெடுந்தீவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நியமனக் கடிதத்தை வாசித்து முடித்த அம்மா கேட்ட முதற்கேள்வி, "எங்கையடி தங்கப்போறாய்?" என்பதுதான். எந்தத் திகதிக்கு முன்னர், யார் முன்னிலையில் கடமையை ஏற்க வேண்டும், ஏற்கத் தவறினால் என்ன நடக்கும் என்பனவெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தன. அம்மாவின் கேள்விக்கான விடை மட்டும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் பெரிது என்பதை, தீவுக்குப் பணிக்கு வந்து பழகியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கின்றேன். நெல்லியடியில் 750 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து 776 இல் பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் வாணர் பாலத்தையும் கடந்து, புங்குடுதீவின் கரையிலுள்ள குறிகட்டுவானில் இறங்கி, அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போனால்தான் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறை வரும். பாடசாலை 7.30 க்குத் தொடங்குகிறது. என் வீட்டிலிருந்து நாளாந்தம் போய்வருவது நினைத்துப்பார்க்கவே முடியாத காரியம். நகரத்தில் இருந்து வருபவர்களுக்கும் காலைப் படகு தாமதித்தால் முதற்பாடம் போய்விடும். கடல் கொந்தளித்தால் அன்றைய நாளே போய்விடும். பிற்பகற் படகைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றத்தில் கடைசிப் பாடத்தின் பாதியும் போய்விடும். அப்படி வந்துபோகின்றவர்களை நான் குறைகூறவில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடும் படகில் கால்வைக்கும் அக்காமார் இருவரை எனக்குத் தெரியும். அவர்கள் இந்தத் தீவில் தங்காததற்குக் காரணம் மனமின்மை என்று எவராவது சொன்னால், அவரை ஒரே ஒரு கிழமை அந்தப் படகில் வந்துபோகும்படி கேட்பேன்.

இனி விடுதிக்கு வருகின்றேன். எங்கள் பாடசாலை வளவின் பின்புறத்தில் ஆசிரியர் விடுதி ஒன்று இருக்கிறது. ஓட்டுக்கூரை, இரண்டு அறைகள், சிறிய குசினி, வெளியே கழிப்பறை. யன்னற் கம்பிக்கு இடையால் எட்டிப் பார்த்தேன். இரும்புக் கட்டில்கள், கால் உடைந்த மேசைகள், பழைய இடாப்புகளின் கட்டு, கூரையில் வௌவால். கூட்டிக் கழுவினால் ஒரு கிழமையில் குடிபுகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சாவி எங்கே என்று கேட்டேன். முன்னர் பொறுப்பாக இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது பொருட்பதிவேட்டின்படி ஐந்து கட்டில்கள் இருந்திருக்க வேண்டுமாம். எண்ணியபோது நான்குதான் இருந்தனவாம். குறையும் ஒரு கட்டிலுக்கு யார் பொறுப்பு என்பது தீர்மானிக்கப்படும் வரை கட்டடத்தைக் கையேற்க எவரும் கையெழுத்திட மாட்டார்கள். கையெழுத்து இல்லாமல் சாவி வராது. இந்த விளக்கத்தை எனக்குத் தந்தவர் மிகவும் மரியாதையாகத் தந்தார். ஒரு கட்டில் இல்லாத குற்றத்துக்காக மற்ற நான்கு கட்டில்களும் ஆண்டுக்கணக்கில் சிறையிருக்கின்றன என்பதை மட்டும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே வாடகைக்கு இடம் தேடினேன். தனியாக வரும் இளம்பெண்ணுக்கு அறை தேடுவது கடல் கடப்பதைவிடச் சிரமமானது. யாழ்ப்பாணத்தில் எந்த ஊரிலும் படலையைத் திறக்கும் முன்னரே வரும் கேள்வி இங்கும் வந்தது: "எவ்விடம் பிள்ளை? ஆற்றை பிள்ளை?" கேட்பவர் வெறும் ஊரையும் பேரையும் கேட்கவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இரண்டு வீடுகளில் அறை இருந்தும், என் பதிலைக் கேட்ட பின்னர் இல்லாமல் போனது. இலவசக் கல்வி வந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைக்குப் படிப்பிக்க வரும் ஆசிரியையின் பூர்வீகத்தை விசாரித்துவிட்டுத்தான் அவள் தலைசாய்க்க இடம் கொடுப்பது என்ற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அரசாங்க விடுதி ஒன்று திறந்திருந்தால், இந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியையும் பதில் சொல்ல வேண்டி இராது. அங்கே நியமனக் கடிதம் ஒன்றே போதும்.

மூன்றாவது வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அவரும் ஊரைக் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திராமல், "சாப்பிட்டனியே மோனை?" என்று அடுத்ததைக் கேட்டுவிட்டார். அன்றிரவே என் பெட்டி அவருடைய வீட்டு விறாந்தைக்கு வந்தது. மறுநாட்காலை கிணற்றடியில் செம்பை எடுத்த என்னைத் தடுத்து, "பிள்ளை, உது குளிக்கத் துவைக்கத்தான். குடிக்க எடுத்துப்போடாதை" என்றார். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன், உவர். சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளின் நல்ல தண்ணீரைப் பற்றி இவ்வூரில் எல்லோரும் ஏன் அவ்வளவு பெருமையாகப் பேசுகின்றார்கள் என்பது அந்த ஒரு துளியில் புரிந்தது.

தங்குமிடத்தைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதுவது என் வசதிக்காக மட்டுமன்று. மூன்றாம், நான்காம் தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்து நான் கற்பிக்கின்றேன். இரண்டும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். நான்காம் தரத்தில் ஒரு பையன். வீட்டுவேலை செய்து வருவதே இல்லை, கழித்தல் கணக்கு வராது, காலையில் மேசையில் தலைவைத்துத் தூங்குவான். முதல் மாதம் அவனுடைய பெயருக்கு எதிரே 'அக்கறையில்லை' என்று எழுதிவைத்தேன். ஒருநாள் மாலை, ஆச்சிக்குத் தண்ணீர் எடுப்பதற்காகக் குழாயடிக்குப் போனபோது, அவன் தன்னிலும் உயரமான சைக்கிளின் பின்னால் வெள்ளைக் கான் ஒன்றைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். 20 லீற்றர்க் கான். அதைக் கழுத்துவரை நிரப்பாமல் குழாயை மூடினான். ஏன் என்று கேட்டேன்.

"மூடி துலைஞ்சுபோச்சு ரீச்சர். நிரப்பினால் வாற வழியிலை தளும்பிப்போகும். நான் 18 தான் பிடிக்கிறனான். மூண்டுதரம் வந்தால் ஆறு லீற்றர் நட்டம், அதுக்கு நாலாந்தரமும் வரோணும்."

கழித்தல் வராது, அக்கறையும் இல்லை என்று நான் முடிவுகட்டிவைத்த பிள்ளை அவன். மறுநாள் அந்தக் கானை வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொள்ளளவு பற்றிய பாடத்தை அன்று அவனே நடத்தினான் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு சோடாப் போத்தல் மூடியைத் தேடிப் பொருத்திப் பார்த்தோம், பொருந்தவில்லை. அடுத்த முறை யாழ்ப்பாணம் போனபோது வேறு கான் வாங்கி வந்தேன். அவனுடைய பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை வெட்டிவிட்டேன். பிற்பகற் படகில் நான் போயிருந்தால் அந்தச் சொல் அங்கேயே இருந்திருக்கும். எனக்குப் பின்னால் வருபவரும் அதை வாசித்துவிட்டே அவனைப் பார்த்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே மாதம் 15 ஆம் திகதிக்கு நான் சொல்வதெழுதுதல் சோதனை ஒன்றைக் குறித்திருந்தேன். முதல்நாள் இரவு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது ஆச்சி எட்டிப்பார்த்து, "நாளைக்கோ?" என்றார். 1985 இல் அதே நாளில் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை இத்தீவு ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது என்பதை நான் அறிந்திருந்தேன். திகதியாக மட்டும் அறிந்திருந்தேன். என் மாணவி ஒருத்தியின் வீட்டுச் சுவரில் மாலையுடன் தொங்கும் படம் அந்தப் படகில் போனவருடையது என்பதை ஆச்சிதான் சொன்னார். சோதனையை அடுத்த கிழமைக்கு மாற்றினேன்.

பெண்களின் கல்வி இந்த யாழ்ப்பாணத்தில் எப்படித் தொடங்கியது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கலாம். உடுவிலில் 1824 இல் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்காகத் தொடங்கியது ஒரு விடுதிப் பாடசாலை. மருதனார்மடத்தில் 1913 இல் சேர் பொன். இராமநாதன் தொடங்கிய மகளிர் கல்லூரியிலும் மாணவியர் தங்கிப் படித்தனர். பெண் ஒருத்தி படிக்க வேண்டுமானால் அவள் பாதுகாப்பாகத் தங்க ஓரிடம் முதலில் வேண்டும் என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விளங்கிக்கொண்ட மண் இது. படிப்பிக்க வருபவளுக்கும் அதே நியாயம்தானே? எங்களுக்கு அதிகஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு இருக்கிறது, அதற்கு நன்றி. ஆயினும், கஷ்டத்துக்கு விலைபோட்டுக் கொடுப்பதும் கஷ்டத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. என் கோப்பு எங்கெல்லாமோ பயணம்செய்து முதற்சம்பளம் கைக்கு வந்தபோது மூன்றாம் மாதம் ஆகிவிட்டது என்பதையும், அதுவரை ஆச்சி வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவுசெய்கின்றேன்.

தீவுக்கு நியமனம் என்பதைத் தண்டனையின் மொழியில் பேசும் வழக்கத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கடமையை ஏற்ற நாளில் ஒரு தாய் என்னிடம், "எத்தினை வருசம் போட்டிருக்கினம் ரீச்சர்?" என்று இரங்கிக் கேட்டார். அலுவலகத்தில் ஆறுதல் சொன்ன ஒருவரோ, "கொஞ்சக் காலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும், பிறகு ஆரையும் பிடிச்சு வரலாம்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் தன் பிள்ளையின் ஆசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பில் நிற்கிறாள் என்பதை எந்தப் பெற்றோர் விரும்புவார்? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளில் நான் மூன்றாவது ஆசிரியை. முன்னையவர் போய்ப் பல நாள்களின் பின்னரே நான் வந்தேன். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வராது, யாருக்குக் காது மந்தம், யாருடைய தகப்பன் கடலுக்குப் போய் வரவில்லை என்பதை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. போகின்றவரும் வருகின்றவரும் ஐந்து நாள்களாவது ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கும்படி இடமாற்றத் திகதிகளைக் குறிப்பதற்குப் புதிய நிதியோ புதிய சுற்றறிக்கையோ தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் இருவரும் தங்குவதற்கு இடம் வேண்டும். எந்த வழியால் போனாலும் அந்தப் பூட்டிய விடுதிக்கே திரும்பி வருகின்றேன்.

என் தேவை எளியது. விடுதியைத் திறக்க அதிகாரமுள்ள ஒருவர் அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்னர் ஒருநாள் படகேறி வரட்டும். கழிப்பறைக்கு ஒரு கதவும் தண்ணீருக்கு ஒரு தாங்கியும் வேண்டும். அவற்றைத் தவிர மற்றவற்றை நாங்களே பார்த்துக்கொள்வோம். பழைய மாணவர் சிலர் வெள்ளையடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றனர். கூட்டித் துடைப்பதற்கு நானும் அந்த அக்காமார் இருவரும் ஆயத்தமாக இருக்கின்றோம். ஆச்சிக்கு மட்டும் நான் போவதில் விருப்பமில்லை. அவரைச் சமாளிப்பது என் பொறுப்பு.

பொருட்பதிவேட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். கட்டில்கள் நான்கு, குறைவது ஒன்று என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திட நான் தயார்.

இங்ஙனம்,
ஆரம்பக் கல்வி ஆசிரியை,
நெடுந்தீவு.