ராஜிக்கு: அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதே

மதுரை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வைகாசி முகூர்த்தம், கல்யாணப் பத்திரிகை வேலை கழுத்தை நெரித்தது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியவனுக்கு மாற்றல் இன்னும் வரவில்லை. சிவகாமி மகள் கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். நம் கெமிஸ்ட்ரி சாரின் அதே மீசை. மண்டபத்தில் நீ சிரித்துத் தொலைத்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், தள்ளியே உட்கார்.

சரி, கம்ப்யூட்டர் விஷயம். உன் பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறானாமே உன் பிள்ளை. அவனுக்குச் சேனை தொட்டு வைத்தவள் நான், அந்த உரிமையில் சொல்கிறேன்: அவன் சொல்வதில் பாதிதான் சரி.

என் மெஷின் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குக்கர் ஏற்றினால், விசில் வந்த பிறகுதான் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் திறக்கும். இப்போது நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் தயாராக நிற்கிறது. பிராசஸரை மாற்றவில்லை, ரேமைத் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, அவ்வளவுதான். பத்திரிகை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீ கணக்கு டீச்சர், கணக்காகவே சொல்கிறேன். ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேலே. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுவாமி மாசி வீதி சுற்றி நம் மூலைக்கு வரும்வரை நிற்போமே, அந்தக் காத்திருப்புதான். இரண்டும் சேர்த்துச் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது சின்னச் சின்ன ஃபைல்களாக ஆயிரக்கணக்கில் தேடும். 5000 தடவை தேடினால் தேடுவதற்கே ஒரு நிமிஷம். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முனையும் இல்லை, எல்லாம் சிப். ஒரு தேடலுக்குச் சுமார் 0.1 மில்லி செகண்ட். அதே 5000 தேடல் அரை செகண்டில் முடிந்துவிடும். நிஜத்தில் வேறு தாமதங்களும் உண்டு, ஆனால் நம் பழைய மெஷின்கள் ஹேங் ஆகி நிற்பதில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புதான்.

கடையில் என்விஎம்இ என்று இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டியைக் காட்டி, செகண்டுக்கு 3500 எம்பி என்று ஆசை காட்டுவார்கள். உன் மதர்போர்டில் அதற்கு இடமே கிடையாது. உன் மெஷினில் மாட்டக்கூடிய சாட்டா வகை எஸ்எஸ்டி 550 வரை தரும். பெரிய பெரிய வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியாது. இரண்டரை இஞ்ச் சாட்டா என்று கேட்டு வாங்கினால் போதும். ஆனால் ரேம் 4 ஜிபிதானே உனக்கு? அதை எட்டாக்கு. இல்லாவிட்டால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் மறுபடி மூச்சு வாங்கும். நெட் மெதுவாக இருப்பதற்கும் எஸ்எஸ்டிக்கும் சம்பந்தமில்லை, அதற்கு என்னைத் திட்டாதே.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமாமே என்று பயந்திருந்தாய். தேயும்தான். 500 ஜிபி டிரைவுக்கு 180 டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம் என்று போட்டிருப்பார்கள், சிலவற்றுக்கு 300. தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு ஏழு டிபி சொச்சம். வகுத்துப் பார். அதற்குள் உன் பேரன் காலேஜ் முடித்துவிடுவான். ஒன்று மட்டும், வெள்ளிக்கிழமை தவறாமல் டிஸ்கில் சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்க்க டீஃப்ராக் செய்வாயே, அந்த விரதத்தை விட்டுவிடு. இங்கே அதனால் பலன் இல்லை, வீண் தேய்மானம்தான்.

உன் பிள்ளை சொன்னதில் சரியான பாதி இது: 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகளை, நிறுத்திவிட்டது. உன் நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், இந்தக் குறை போகாது. நானாக இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக உனக்கு லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுப்பேன். மெயில், யூடியூப், பேரனோடு வீடியோ கால், இதற்கு அது தாராளம். பேஜ்மேக்கரைக் கட்டிக்கொண்டு அழுவதால் எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. நாளைக்குப் புது சிஸ்டமே வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், காசு வீணாகாது.

இப்போது ஒன்று, விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அண்ணன் பாடிய கேசட்டுகளை மாற்றி அந்த டிஸ்கில்தானே வைத்திருக்கிறாய்? வேறு எங்காவது இருக்கிறதா? பதிலை நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் பலநேரம் டக் டக்கென்று சத்தம் போட்டாவது எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் நேற்று ஓடியது, இன்று காணோம் என்றுதான் போகும். அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்கிலிருந்து மீட்டுத் தர ஆள் உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒன்று இருக்கிறது, அழித்த இடத்தை டிரைவே துடைத்துவிடும், பிறகு யாராலும் எடுக்க முடிவது அபூர்வம். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். அதனால் எஸ்எஸ்டி ஓடுவதற்கு மட்டும். பாட்டெல்லாம் பழைய டிஸ்கில் ஒரு பிரதி, புது எக்ஸ்டர்னலில் ஒரு பிரதி, மூன்றாவது உன் மகள் வீட்டில். இந்த விஷயத்தில் உன் "பார்க்கலாம்டி"யை நான் ஏற்கமாட்டேன். காப்பி எடுக்கும்வரை அந்த சிபியுவை எந்த சர்வீஸ் பையன் கையிலும் கொடுக்காதே, ஃபார்மட் அடித்துவிட்டு இளிப்பான்.

2 டிபி எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு என்று ஆன்லைனில் வந்தாலும் தொடாதே. எங்கள் எதிர்வீட்டுக்காரர் வாங்கினார். உள்ளே இருந்தது சின்ன மெமரி கார்டு, மேலே பெரிய ஸ்டிக்கர்.

ஆவணிக்கு வரும்போது சிபியுவைக் காரில் போட்டுக்கொண்டு வா, மானிட்டர் வேண்டாம். டிரைவை நான் வாங்கி வைக்கிறேன். பணத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வேன், வேண்டாம் வேண்டாம் என்று நடிக்கமாட்டேன். சிவகாமி மகளுக்குச் சேர்ந்து செய்வோமா, தனித்தனியாகவா? சீக்கிரம் எழுது, ஆடித் தள்ளுபடி முடிந்துவிடும்.

உன்
கோமதி