ஒரு பாடவேளைக்கு ஒரு படம்

பண்டாரவளை

அன்பு மகளுக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். பொகவந்தலாவைத் தோட்டத்தில் உன் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க இணையத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதோடு போய்விடும் என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பப் பிரிவில் வரலாறு தனிப் பாடம் இல்லை. தரம் 6 வரும்வரை அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ளே அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் கெடுபிடி ஒரு பக்கம் இருந்தாலும், இது உனக்கு நல்லதுதான். ஆண்டுகளை ஒப்புவிக்க வைக்க வேண்டிய அவசரம் இல்லை; பார்க்கவும் கேள்வி கேட்கவும் பழக்கினால் போதும்.

அதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பாடவேளைக்கு ஒரு படம், இல்லாவிட்டால் ஒரு வரைபடம். இருபது படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினால் பிள்ளைகள் "ஆ" என்று பார்ப்பார்கள், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. காணொளி அதைவிட மோசம். அது தானே பேசி முடித்துவிடும், பிள்ளை வாய் திறக்க இடமே இராது. காணொளி வேண்டுமென்றால் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை முதல் நாளே இறக்கி வைத்து, போனை விமானப் பயன்முறையில் போட்டுக் காட்டு. சிக்னல் விழாத பள்ளத்தில் வகுப்பு நடக்கும்போது இணைப்பை நம்பி நிற்காதே. நடுவில் விளம்பரமும் வரும், யாராவது அனுப்பிய செய்தியும் மேலே எட்டிப் பார்க்கும்.

படம் எடுக்க முதலில் விக்கிமீடியா கொமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்துக்குப் போ. இலங்கையின் பழைய புகைப்படங்கள், தபால் அட்டைகள் நிறைய இருக்கின்றன, உரிமம் என்னவென்று கீழேயே போட்டிருக்கும். சிறிய படத்தைச் சேமிக்காமல் மூலக் கோப்பை இறக்கு. ஏ4 தாளில் ஓரளவு தெளிவாக அச்சாக, குறுக்கே 1,240, நெடுக்கே 1,754 புள்ளிகளாவது வேண்டும். அதை அச்சுக் கடைக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பு. போட்டோ கொப்பி எடுப்பதானால் வெளிச்சத்தை முதலில் கூட்டிக்கொள். அந்தக் காலத்துப் படங்கள் கருமையானவை, கொப்பியில் முகங்களெல்லாம் கரிக்கட்டையாகிவிடும். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது கொப்பி தேவையில்லை, ஐந்து பேருக்கு ஒன்று என்று ஆறு போதும். அங்கே மூடுபனிக்குத் தாள் ஒரே வாரத்தில் சுருண்டுவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வை.

வகுப்பில் படத்தைக் கொடுத்ததும் ஒன்றும் சொல்லாதே. இரண்டு நிமிடம் பார்க்கட்டும். பிறகு கண்ணில் படுவதை மட்டும் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுது. கொழுந்து பறிக்கிற படமென்றால்: கூடை, தலைத்துணி, நிற்கிற ஐயா, பின்னால் மலை. "பாவம், கஷ்டப்படுறாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது படத்தில் எங்கே இருக்கிறது என்று கேள். அட்டையில் 5 சென்ரிமீற்றர் சதுரமாக ஓட்டை வெட்டிக் கொடுத்து, படத்தின் மேலே நகர்த்திப் பார்க்கச் சொன்னால் மூலையில் இருப்பதெல்லாம் கண்ணில் படும். அடுத்து, இந்தப் படத்தை எடுத்தது யார், யாருக்காக எடுத்தார், படத்துக்கு வெளியே யார் நின்றிருப்பார்கள் என்று கேள். எந்த ஆண்டு, எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல். முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த "யாருக்காக" என்ற கேள்வியை விட்டுவிடாதே. நகை போட்டு, நல்ல சேலை கட்டிச் சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கிற படங்கள் பல, தேயிலை விற்கவும் தபால் அட்டை விற்கவும் நிறுத்திவைத்து எடுத்தவை. அதைக் காட்டி "அந்தக் காலத்து வாழ்க்கை" என்று சொல்வது சரியில்லை. "விளம்பரத்துக்கு எடுத்த படம்" என்று சொல்லிக் காட்டினால் அதுவே நல்ல பாடம். இன்னும் பழைய, கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்களில் அநேகமாக யாரும் சிரிக்க மாட்டார்கள். சில விநாடிகள் ஆடாமல் நிற்க வேண்டியிருந்தது, அசைந்தால் முகம் கலங்கிவிடும். பிள்ளைகள் இதை நிச்சயம் கேட்பார்கள்.

நீ பொகவந்தலாவையில் இருப்பதால் ஒரு வசதி. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பேர்போன புகைப்படக் கலைஞரின் கல்லறை அங்கே சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் இருக்கிறது. 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879இல் இறந்தார். பக்கத்தில் அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கெமரன். வெள்ளைக்காரர் காலத்தில் ஆட்சிச் சீர்திருத்தம் சொன்ன கோல்புறூக் கெமரன் ஆணைக்குழு என்று பெரிய வகுப்பில் படிப்பார்களே, அந்தக் கெமரன். அம்மையாரின் படங்களை லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அரும்பொருட் காட்சியகத்தின் தளத்திலும், அமெரிக்காவின் கெட்டி தளத்திலும் பார்க்கலாம். ஆனால் கல்லறை உன் ஊரில் என்பதற்காகப் படங்களையும் உன் ஊர்ப் படங்களென்று காட்டிவிடாதே. 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பிலேயே களுத்துறைக் குடியானவர்கள் என்று இருக்கிறது.

இடம் தப்பாய்ப் போட்ட படங்கள் இணையத்தில் தாராளம். அஸ்ஸாம், டார்ஜிலிங், ஜாவா எல்லாம் "பழைய இலங்கைத் தேயிலைத் தோட்டம்" என்று சுற்றுகின்றன. கூகுள் லென்ஸில் போட்டு, வேறு எங்கெங்கே இதே படம் இருக்கிறது என்று பார். அரும்பொருட் காட்சியகமோ நூலகமோ கொடுத்த விவரத்தை நம்பு, முகநூல் பக்கத்தை நம்பாதே. கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு வண்ணம் பூசியதும், செயற்கை நுண்ணறிவு வரைந்ததும் இப்போது கலந்தே வருகின்றன. எங்கிருந்து வந்ததென்று தெரியாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வகுப்புக்குக் கொண்டுபோகாதே.

அடுத்தது காலம். 1823 என்ற எண் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நீளமான கயிறு எடு, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர். 1823 தொடக்க முடிச்சு: கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து நம் மலையக ஆட்கள் வந்ததாகச் சொல்லும் ஆண்டு. 44 சென்ரிமீற்றரில் 1867. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததும், ரயில் கண்டிக்கு வந்ததும் அதே ஆண்டுதான். 46இல் கோப்பி இலையில் துரு நோய் கண்ட 1869. 62இல் ரயில் நானுஓயா, 71இல் நம் பண்டாரவளை, 101இல் பதுளை. 125இல் குடியுரிமைச் சட்டம் வந்த 1948. பிள்ளை பிறந்த ஆண்டு எங்கேயோ 190ஐத் தாண்டி வரும். அந்த இடத்தில் அவர்களே துணி கட்டட்டும். அநுராதபுரத்துத் தேவநம்பிய தீசனையும் இதே கயிற்றில் சேர்க்க வேண்டுமென்றால் இன்றிலிருந்து பின்னால் ஏறக்குறைய 23 மீற்றர் போக வேண்டும், மைதானத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். போங்கள், பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும்.

இந்தக் கயிறு இருந்தால் காணொளிகளின் பிழையைப் பிள்ளைகளே பிடிப்பார்கள். "1823இல் தேயிலை பறிக்க வந்தார்கள்" என்று எத்தனையோ இடத்தில் சொல்கிறார்கள். கயிற்றைப் பார்த்தால் தேயிலைக்கு இன்னும் 44 சென்ரிமீற்றர் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் ரயிலில் வருவதுபோலப் படம் போடுவார்கள். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 44இல்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள்.

வரைபடத்துக்கு முன்னால் ஒரு பட்டியல். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஃபெர்குசன் வெளியிட்ட பழைய இலங்கை டிரெக்டரிகள் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. தோட்டத்தின் பெயர், மாவட்டம், எத்தனை ஏக்கர், உரிமையாளர், தோட்டத்தை நடத்திய துரை என்று பட்டியல் போட்டிருக்கும். தேடும்போது தோட்டப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார். வருடிய எழுத்தைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். கிடைக்காவிட்டால் மாவட்டத் தலைப்பைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கூப்பிடும் பெயர் வேறு என்று இருக்குமே, அதைக் கணக்கப்பிள்ளையிடமோ பெரியவர்களிடமோ முதலில் கேட்டு வைத்துக்கொள். அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்டு. தங்கள் தோட்டத்தின் பெயரைப் புத்தகத்தில் பார்த்ததும் துள்ளுவார்கள். அடுத்த நிமிடமே எவனாவது ஒருவன் கேட்பான்: "நம்ம ஆளுங்க பேரு எங்க டீச்சர்?" இருக்காது. துரையின் பெயர் இருக்கும், ஏக்கர் இருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். அதை மழுப்பாமல் அப்படியே சொல்.

மஸ்கெலியாவும் உனக்குக் கிட்டத்தான். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது, தண்ணீர் வற்றினால் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். கணினியில் கூகுள் ஏர்த்தைத் திறந்து பழைய படங்களுக்கான பட்டியை நகர்த்தினால், ஒவ்வொரு காலத்திலும் நீர் எவ்வளவு என்று பார்க்கலாம். மலைநாட்டுக்கு மேலே முகில் மறைத்த படங்கள் பல வரும், பொறுமையாகத் தேடு. அணைக்கு முந்திய நகரத்தை அதில் தேடாதே. அணை 1960களில் கட்டியது, செய்மதிப் படங்கள் அவ்வளவு பின்னால் போகாது. அதற்குப் பழைய நில அளவை வரைபடம்தான்.

தமிழில் படிக்க "நூலகம்" என்ற இணையத்தளத்துக்குப் போ. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலையகத்து வெளியீடுகள் எல்லாம் வருடி வைத்திருக்கிறார்கள். "காபி" என்று தேடாமல் "கோப்பி" என்று தேடு, "அட்டன்", "ஹட்டன்" இரண்டையும் போட்டுப் பார். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில். அங்கங்கே கிடைக்கும் வினாத்தாள் கோப்புகளிலிருந்து எழுத்தைப் பிரதி பண்ணினால் கிறுக்கலாக வரும், பயந்துவிடாதே. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோட் மாற்றியில் போட்டால் சரியாகிவிடும். செயற்கை நுண்ணறிவிடம் கதை எழுதி வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேள்வித்தாள் வடிவமைக்க வைத்துக்கொள், ஆண்டும் ஆள் பெயரும் அதனிடம் கேட்காதே. கூசாமல் இல்லாததைச் சொல்லும்.

டிரெக்டரியில் இல்லாதவர்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். தாத்தா பாட்டியிடம் மூன்றே மூன்று கேள்வி: பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், முதல் பேருக்கு, அதாவது முதல் நாள் வேலைக்கு, எவ்வளவு சம்பளம். மூன்று நிமிடத்துக்குள் போனில் பதிவு பண்ணச் சொல். மழை பெய்யும்போது தகரக் கூரைக்குக் கீழே பண்ணினால் சத்தம் மட்டும்தான் கேட்கும்; போனைத் துணி மேல் வைத்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பண்ணட்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை எழுதிக்கொண்டு வரட்டும், அதைக் குறையாகக் காட்டாதே.

சில கேள்விகளை வகுப்பில் கேட்கவே கூடாது. இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டால் அது சாதியில் போய் நிற்கும். யாருக்குப் பிரஜாவுரிமை எப்போது கிடைத்தது என்பதும் வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டதில் பிரிந்த குடும்பங்கள் உன் வகுப்பிலும் இருக்கும். பிள்ளையாகச் சொன்னால் கேட்டுக்கொள், நீயாகத் தோண்டாதே. பழைய பாஸ்போர்ட், பத்திரம் ஏதாவது கொண்டுவந்தால் எண்ணையும் பெயரையும் தாள் வைத்து மறைத்துப் படமெடுத்து, அன்றே வீட்டுக்குத் திருப்பி அனுப்பு. பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் எங்கேயும் ஏற்றாதே, வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டாலும் பெற்றோர் கையெழுத்து வாங்கிய பிறகுதான்.

உன் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பு, டிரெக்டரியில் நானும் தேடுகிறேன். பக்கம் கிடைத்தால் ஆவணமாகவே அனுப்புகிறேன், கடையில் அச்செடுத்துக்கொள். கயிறு வாங்கும்போது நைலோன் வேண்டாம், முடிச்சு நிற்காது. சணல் வாங்கு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா